இணைய ஏலமும் சங்கத்தின் கடமையும்

கருணாபுரம் முதல் கல்வராயன் மலை வரை, நமது வட்டாரச் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் சமீப காலமாக ஒரு யோசனை அடிக்கடி எழுகின்றது. சங்கமே சொந்தமாக ஓர் இணைய ஏலத் தளத்தை ஏற்படுத்தி, விளைபொருளையும் நெசவுத் துணியையும் நாடெங்குமுள்ளோர்க்கு ஏலத்தில் விற்றால் என்ன என்பதே அது. இதைக் கூறுவோர் பெரும்பாலும் படித்த இளைஞர்கள். அவர்களது ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், தளம் அமைப்பது எளிது, அதில் விலை கேட்போரைச் சேர்ப்பதே அரிது என்பதை அங்கத்தினர்கள் முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டும். ஒருவரே கேட்டு ஒருவருக்கே முடிந்த விலையை ஏல விலை என்று எவ்வாறு கூறுவது?

ஏலம் நமக்குப் புதியதன்று. 1933-ஆம் ஆண்டின் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தின்படி, 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதலாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. மறைவாகத் தரகு பேசித் துணிக்கடியில் விரல் பிடித்து விலை முடிக்கும் வழக்கத்தை ஒழித்து, பலர் அறிய விலை கேட்கச் செய்வதும், சரியான எடை போடுவதுமே இத்தகைய கூடங்களின் நோக்கமாகும். 2016 ஏப்ரல் 14-இல் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தை, அதே நோக்கத்தைக் கணினி வழியே நிறைவேற்ற முயல்கின்றது. வாயிலில் சரக்கு பதிவாகிக் குவியலுக்கு எண் கிடைக்கின்றது, தரம் பரிசோதிக்கப்படுகின்றது, உரிமம் பெற்ற வியாபாரிகள் கைப்பேசியிலோ கணினியிலோ விலை கேட்கின்றனர், கிடைத்த விலை பிடிக்காவிடில் விவசாயி மறுத்துவிடலாம். தமிழ்நாட்டின் பல விற்பனைக்கூடங்கள் இதில் இணைந்துள்ளன. ஆகவே, தளம் ஒன்று ஏற்கனவே இருக்கின்றது. நாம் மற்றொன்றை அமைத்தால், வியாபாரி இல்லாத சந்தையில் கடை விரித்தவராவோம்.

ஆனால் இ-நாமிலும் வெளியூர் வியாபாரிகளின் கொள்முதல் இன்னும் சிறு பங்கே. காரணம் கணினியிலில்லை. நாமக்கல் கோழித்தீவன ஆலைக்காரர் சின்னசேலத்து மக்காச்சோளத்தைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. ஈரப்பதம் 14 சதவிகிதமா, 18 சதவிகிதமா என்று அவர் நம்பத்தக்க சான்று இல்லையேல், சந்தேகத்திற்கும் சேர்த்து விலையைக் குறைத்தே கேட்பார். மேலும், நான்கு மூட்டைக்காக எவரும் லாரி அனுப்பமாட்டார்.

இவ்விரண்டிற்கும் மருந்து சங்கத்திடமே உண்டு. நெதர்லாந்து நாட்டில் 1887-இல் புரூக் ஓப் லாங்கெடைக் என்னும் ஊரில் காய்கறிப் பயிரிடுவோரிடையே ஏலமுறை தொடங்கியது. பின்னர் அந்நாட்டில் பெருகிய ஏலக்கூடங்களுட் பல, பயிரிடுவோரே உடைமையாளராயிருந்த கூட்டுறவுச் சங்கங்களாகும். உச்ச விலையிலிருந்து முள் இறங்கிவரும் கடிகாரத்தை முதலில் நிறுத்தியவருக்கே சரக்கு என்ற முறை உலகப் புகழ் பெற்றது. எனினும் அவர்களது வெற்றி கடிகாரத்தினால் மட்டும் வந்ததன்று. அங்கத்தினர் தமது விளைச்சலைச் சங்க ஏலத்தின் வழியாகவே விற்க வேண்டும், சங்கம் வகுத்த தரப்படி பிரித்தே கொணர வேண்டும் என்ற கட்டுப்பாடே அதன் அடிப்படை. நல்ல சரக்கைத் தனியாருக்கும் கழிவைச் சங்கத்திற்கும் கொடுக்கும் பழக்கமிருந்தால், எந்த ஏலமும் நிலைக்காது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. விதைக்கும் உரத்திற்கும் வியாபாரியிடம் முன்பணம் பெற்ற சாகுபடியாளர், அறுவடையன்று சரக்கை அவரிடமே சேர்க்கக் கடமைப்பட்டவர். அவருக்கு ஏலம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன? கேட்ட விலையை மறுக்கும் சக்தி உள்ளவனுக்கே ஏலம் பயன்படும். அச்சக்தியை அளிப்பவை சங்கத்தின் பயிர்க்கடனும், விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை ஈடாக வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடனுமேயாம். மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் கிடைக்குமாயின், இன்றைய தாழ்ந்த விலைக்குத் தலைகுனிய வேண்டியதில்லை. மலையிலிருந்து மூட்டை சுமந்து இறங்கும் அன்பருக்கு இணையத் தளத்தைவிட இதுவே முதல் உதவி.

எல்லாப் பொருளும் ஏலத்திற்கு ஏற்றவையல்ல. கரும்புக்குப் பருவந்தோறும் மத்திய அரசே குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கின்றது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளுக்கு ஏலம் வேண்டா. ஒரே மாதிரியாக நெய்யப்படும் சேலைக்கு நூல் விலையும் கூலியும் தெரிந்தவையாதலால், நிர்ணயித்த விலையில் விற்பதே நெசவாளருக்குப் பாதுகாப்பு. துணியை ஏலத்தில் விட்டால் முதலில் குறைவது கூலியே. மாறாக, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் ஒவ்வொன்றும் தனிப் படைப்பு. அதன் தகுதியறிந்த பலர் போட்டியிட்டால் விலை உயரக்கூடும். இணைய ஏலத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பும் சங்கம், இத்தகைய பொருளில் தொடங்குதல் நலம்.

எப்படித் தொடங்கினும், சில விதிகள் இன்றியமையாதவை. விலை கேட்போர் முன்வைப்புத் தொகை செலுத்த வேண்டும். குறைந்தபட்ச விலையை நிர்வாகக் குழு முன்னரே தீர்மானத்தில் பதிய வேண்டும். விற்பவரது ஆட்களே விலையை ஏற்றிக் கேட்பதும், வியாபாரிகள் தமக்குள் பேசிவைத்து அடக்கிக் கேட்பதும் கணினியிலும் நிகழும். ஆதலால் குவியல் எண், கேட்டோர் எண்ணிக்கை, முடிந்த விலை, பணம் வந்த தேதி ஆகிய நான்கையும் சங்க அறிவிப்புப் பலகையில் ஒவ்வோர் ஏலத்திற்குப் பின்னும் எழுத வேண்டும். கணக்குகளைத் தணிக்கை செய்யும் நான் பார்ப்பது வருடத்திற்கொரு முறை. அங்கத்தினரோ அப்பலகையை நாள்தோறும் பார்க்கலாம்.

ஆகவே, அடுத்த பேரவையில் தளம் வேண்டுமெனத் தீர்மானம் கொணரும் நண்பர்கள், அதற்கு முன் வேறு மூன்றைக் கொணர்வார்களாக: ஓர் ஈரப்பதமானி, சரக்கைச் சேர்த்துக் குவிக்க ஒரு களம், விளைந்ததைச் சங்கத்திற்கே தருவோம் என்ற அங்கத்தினர் உறுதிமொழி. இம்மூன்றும் அமைந்த சங்கத்தைத் தேடி வியாபாரிகள் தாமே வருவர். அப்போது ஏலம் எந்தத் தளத்தில் நடப்பினும், அங்கத்தினருக்கு உரிய விலை கிடைக்கும்.