தீக்காயமும் மூளைக்குப் போகும் ரத்தமும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் கலக்கிற ரசாயனத்துக்கு 'மருந்து' என்றுதான் பெயர். அந்த மருந்து உராய்ந்து தீப்பிடித்தால் கை, முகம், மார்பு வெந்துபோகும். ஆஸ்பத்திரியில் சேர்த்த சில மணி நேரத்தில் உறவினர்களைக் கலங்கவைப்பது வேறொன்று. வரும்போது தெளிவாகப் பேசியவர், மாலையில் ஆள் தெரியாமல் உளறுவதுண்டு. தலையில் அடி எதுவும் இல்லை. 'பயந்துட்டாரு' என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பயமும் இருக்கலாம். ஆனால் உடலுக்குள் நடப்பது அதைவிடப் பெரிது.

கொசு கடித்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. காயம்பட்ட செல்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களை வெளியிடுகின்றன. இவை உடலின் ஆபத்துச் செய்திகள். செய்தி கிடைத்ததும் அருகிலுள்ள நுண்குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் சற்றே கசிகிறது. அந்த வழியாக வெள்ளணுக்கள் காயத்துக்குள் இறங்குகின்றன. சிறு காயத்தில் இது அந்த இடத்தோடு அடங்கிவிடும். தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தால் அடங்காது. சைட்டோகைன்கள் ரத்தத்தில் கலந்து எங்கும் பரவும். இதை உடல்தழுவிய அழற்சி என்கிறோம்.

மூளை, உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லி ரத்தம் அதற்கு வேண்டும். இருப்பு வைத்துக்கொள்ள அதனால் முடியாது. எனவே ரத்த அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும், மூளையின் குழாய்கள் தாமாகவே சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைச் சீராக வைக்கின்றன. இந்த வேலையில் எண்டோதீலியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்படலம் அது. தேவையறிந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அது வெளியிடும். உடனே குழாய்த் தசை தளரும். இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெடிபொருளான நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலிக்கு மருந்தாவதும் இதே வாயுவால்தான்.

உடல்தழுவிய அழற்சி இந்த ஏற்பாட்டை இரண்டு பக்கமும் குலைக்கிறது. உடலெங்கும் குழாய்கள் விரிந்து கசிவதால் ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் ஒழுகுகிறது, அழுத்தம் விழுகிறது, மூளைக்கு வந்துசேருவதே குறைகிறது. மூளைக்குள்ளோ, எண்டோதீலியம் தானே நோயுற்றுக் கிடக்கிறது. அதன்மேல் வெள்ளணுக்கள் ஒட்டுகின்றன. நுண்ணிய ரத்தக்கட்டிகள் சேருகின்றன. பெரிய குழாயில் ரத்தம் ஓடினாலும் கடைசிச் சந்துகளில் தேங்குகிறது. மூளையைக் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பும் கசியத் தொடங்கினால் வீக்கம் ஏற்பட்டு இடம் இன்னும் நெருக்கமாகும். கவனம் சிதறுவதும் உளறுவதும் இப்படித்தான் வருகின்றன.

குழப்பத்துக்குக் காரணம் இது மட்டுமல்ல. மூடிய அறையில் புகையைச் சுவாசித்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காரணமாகலாம். வலிமருந்தும் ரத்தத்தில் சோடியம் மாறுவதும் காரணமாகலாம். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சலோடு குழப்பம் வந்தால், புண்ணில் கிருமி ஏறி அழற்சி மீண்டும் மூண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் சிகிச்சையில் டிரிப் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். எவ்வளவு ஏற்றுவது என்பதற்குப் பார்க்லண்ட் கணக்கு என்று ஒன்று உண்டு. எடையை வெந்த சதவீதத்தால் பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு 7,200 மில்லி. இன்று பலர் இதைவிடக் குறைவாகத் தொடங்கி, சிறுநீர் பிரியும் அளவைப் பார்த்துக் கூட்டுகிறார்கள். அதிகமாக ஏற்றினாலும் வீக்கம் கூடும். அந்தக் கணக்கில் பாதி அளவு முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம், ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, தீப்பட்ட நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று முதல் உரிமம், ஆய்வு, அறைக்கு எத்தனை பேர் என்றெல்லாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதுதான். வெடித்த பிறகான முதல் மணி நேரத்துக்கும் அதே அக்கறை தேவை என்று எனக்குப் படுகிறது. காயம்பட்டவரை மதுரையின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால், டிரிப் சிவகாசியிலேயே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். தீப்பட்ட நேரத்தை ஒரு சீட்டில் எழுதி அவரோடு அனுப்ப ஆலையின் போர்மேனால் முடியும். கூட இருப்பவர்கள், பேச்சு எப்போது மாறியது என்பதை மணிக்கணக்கோடு நர்ஸிடம் சொல்லலாம்.