பயன் தெரியாமையும் பயனின்மையும்

ஒரு யந்திரத்தின் பெரிய உறுப்புக்களை அறிந்துகொள்வது அரிதன்று. சக்கரம் இன்னதற்கு, விளக்கு இன்னதற்கு என்று சிறுவரும் கூறுவர். சிறு உறுப்பு ஒன்றைக் கண்டு, இஃது எதன்பொருட்டு அமைந்தது என வினவி விடை காண்பதே உண்மைக் கல்வி என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் ஹென்றி போர்டின் கம்பெனியார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தளித்த 'மாடல் டி' மோட்டார் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டியரிங் சக்கரத்தின்கீழ் இருபுறமும் இரண்டு சிறு பிடிகள் உள. வலப்பிடியை அசைத்தால் எஞ்சினின் வேகம் மாறும். அதன் பயன் எளிதில் விளங்கும். இடப்பிடியோ புதியவர்க்குப் புதிராகும். பழைய வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர், இக்காலத்து வண்டிகளில் இல்லாத இதனை வேண்டாததென்று எண்ணவுங்கூடும்.

அங்ஙனம் தீர்ப்புக் கூறுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. அஃது எங்கே சென்று முடிகிறது? அசைத்தால் எது மாறுகிறது? அஃதின்றேல் யாது தீங்கு விளையும்?

இடப்பிடியின் கம்பி, எஞ்சினின் முன்புறத்துள்ள 'டைமர்' என்னுங் கருவியிற் சென்று முடிகிறது. பிடியை அசைத்தால் அக்கருவி சிறிது திரும்பி, மின்பொறி எழும் நேரம் மாறும். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி எரிந்து முடியச் சிறிது காலம் வேண்டுமாதலின், எஞ்சின் விரைந்து சுழலுங்கால் பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி எழவேண்டும். கையாற் சுழற்றித் தொடங்கும்போதோ, பொறி தாமதித்தே எழவேண்டும். முந்தி எழின், பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்பட்டுச் சுழற்றுங் கைப்பிடி எதிர்த்து உதைக்கும். இடப்பிடியை மேலே தள்ளிவைக்க மறந்து, கையெலும்பு முறியப்பெற்றோர் பலர்.

நிற்க. பிற்காலத்து வண்டிகளில் அப்பிடி மறைந்தது. அதன் வேலை மறையவில்லை. சுழற்சி வேகத்தால் விலகும் சிறு எடைகள் அதனைத் தாமே செய்தன. இன்று கணினி செய்கிறது. செய்வது மாறிற்றேயன்றிச் செயல் மாறிற்றிலது.

மாணவ நண்பர்களே! பயன் தெரியாமை வேறு, பயனின்மை வேறு. முன்னது நம்மிடத்துள்ள குறை. அதனைப் பொருளின்மேல் ஏற்றுதல் முறையன்று. பழைய வண்டியொன்று நம் கைக்கு வருமாயின், அதன் கடைசித் திருகாணியின் காரணத்தையும் கேட்டறிவோமாக. அதன்பின் கழற்றுவதா, காப்பதா என்று துணிவோமாக.