தென்கரைச் சுற்றுலாவும் எமது பொறுப்பும்

இலங்கையின் தென்மேற்குக் கரையோரம் உலகறிந்த சுற்றுலாப் பிரதேசமாகும். பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, உணவட்டுனை, வெலிகம, மிரிஸ்ஸ என நீளும் இக்கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அக்காலத்தில் கடற்கரைகள் சனக்கூட்டத்தால் நிரம்பி வழியும். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் சிங்கராஜ, கன்னெலிய ஆகிய மழைக்காடுகளை அடையலாம். பாடசாலைச் சுற்றுலா செல்லும் மாணவர்களும் இப்பிரதேசத்தை விரும்பித் தெரிவு செய்கின்றனர். ஆனால் நாம் அங்கு எப்படிச் செல்கிறோம், எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பதைச் சிந்திக்கிறோமா?

சுற்றுலாத் துறையின் வெற்றி பெரும்பாலும் வருகையாளர் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்படுகின்றது. 2018 இல் ஏறத்தாழ 23 இலட்சம் வெளிநாட்டவர் இலங்கைக்கு வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும் அதன் பின் வந்த கொவிட் தொற்றும் இத்தொகையை வீழ்த்தின. 2021 இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் முச்சக்கர வண்டி ஓட்டுநர், சிறு விடுதி நடத்துவோர், படகோட்டி, இளநீர் விற்பவர் எனப் பலர் வருமானமின்றித் தவித்தனர். ஆகவே சுற்றுலா வேண்டாம் என்று எவரும் கூற முடியாது. எனினும் எண்ணிக்கை ஒன்றே வெற்றியின் அளவுகோல் என்பதும் ஏற்கத்தக்கதன்று. வருபவர் காண விரும்பும் இயற்கை அழிந்துவிட்டால், நாளை வருவோருக்குக் காட்ட எம்மிடம் எதுவும் எஞ்சியிராது.

ஹிக்கடுவையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள முருகைக்கற் பாறைகளைப் பாதுகாப்பதற்காக அக்கடற்பகுதி 1979 இல் சரணாலயமாகவும் 2002 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் 1998 இல் கடல்நீர் வெப்பமடைந்ததால் முருகைகளில் பெரும்பகுதி வெளிறி இறந்தது. எஞ்சியவற்றின் மீது படகுகள் உரசுகின்றன. ஆழங்குறைந்த நீரில் இறங்குவோர் மிதித்து நிற்கின்றனர். முருகைக்கல் என்பது வெறும் கல்லன்று. அது நுண்ணிய உயிரினங்கள் நீண்ட காலமாகக் கட்டியெழுப்பிய உயிருள்ள அரணாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது ஹிக்கடுவையை விட அதற்கு அண்மையிலுள்ள பெரேலியவில் கடல்நீர் மிக அதிக தூரம் உட்புகுந்தது. சுண்ணாம்புக்காக அங்கு முருகைக்கற்கள் அகழப்பட்டிருந்தமை இதற்கொரு காரணம் என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பெரேலியவில் புகையிரதத்தில் இருந்தோர் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமையை நாம் மறக்கலாகாது.

சிங்கராஜ வனத்தின் நிலை இன்னும் நுட்பமானது. 1988 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. இங்குள்ள மர இனங்களுள் 60 சதவீதத்துக்கும் அதிகமானவை இலங்கைக்கே உரியவை. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. கடற்கரை ஓரளவுக்குச் சத்தத்தைத் தாங்கும்; காடு தாங்காது. ஒலிபெருக்கி அலறும் பஸ் வண்டியில் சென்று, கூச்சலிட்டுக்கொண்டே காட்டினுள் நுழைபவர் பறவைகளைக் காண்பதில்லை; அட்டைக் கடியை மட்டுமே அனுபவித்துத் திரும்புவர். வீசியெறியும் பொலித்தீன் பையோ அவர்களுக்குப் பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

கரையும் காடும் வெவ்வேறானவை என எண்ணுவதே தவறுகளுக்கெல்லாம் அடிப்படையாகும். தெனியாயவுக்கு அண்மித்த மலைகளில் ஊற்றெடுக்கும் ஜின் கங்கை, சிங்கராஜ வனத்தின் தென்புறமாகப் பாய்ந்து காலிக்கு அருகே ஜின்தோட்டையில் கடலுடன் கலக்கின்றது. காடு மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுகின்றது. காலிப் பிரதேச மக்களும் விடுதிகளும் பயன்படுத்தும் குழாய்நீர் இந்த ஆற்றிலிருந்தும் பெறப்படுகின்றது. கடற்கரைக்கு மணலைக் கொண்டுவந்து சேர்ப்பவையும் ஆறுகளே. ஆற்றில் மணலை அளவுக்கு மிஞ்சி அகழ்ந்தால் கரைக்குச் சேரும் மணல் குறையும். உவர்நீரும் ஆற்றினுள் ஏறும். எனவே காட்டைக் காப்பது கடற்கரையைக் காப்பதுமாகும்.

அப்படியானால் மனிதர் எவரும் நுழையாதவாறு காட்டை மூடிவிடலாமே எனச் சிலர் வாதிடுவர். இது எளிய தீர்வாகத் தோன்றினும் சரியானதன்று. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகை உற்பத்திக்காக சிங்கராஜ வனத்தின் மரங்கள் இயந்திரங்களால் தறிக்கப்பட்டன. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்ததன் விளைவாக 1977 இல் அது நிறுத்தப்பட்டது. அக்காட்டின் பெறுமதியை அறிந்தவர்கள் இருந்தமையாலேயே அது தப்பியது. கண்ணால் காணாத ஒன்றுக்காகக் குரல் கொடுக்க எவரும் முன்வரார். ஆகவே மாணவர்கள் காட்டைக் காண வேண்டும். ஆனால் காணும் முறை மாற வேண்டும்.

முதலாவதாக, ஒரே நாளில் எட்டு, பத்து இடங்களைப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அத்தகைய பயணத்தில் மாணவர்கள் பஸ் வண்டியின் யன்னலையே அதிகம் பார்க்கின்றனர். ஒரு நாளைக்கு ஒரு கடற்கரையும் கோட்டையும், மறுநாள் காடு என்பதே போதுமானது. இரண்டாவதாக, காட்டினுள் சிறு குழுக்களாக, அவ்வூர் வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். நாம் செலுத்தும் கட்டணம் அக்கிராமத்தவரின் வீட்டுக்குச் செல்லுமாயின், காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் பலன் உண்டாகும். மூன்றாவதாக, உணவைக் கழுவிப் பயன்படுத்தும் பெட்டியில் எடுத்துச் சென்று, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நான்காவதாக, முருகைக்கல், சிப்பி, செடி, விதை எதனையும் நினைவுப் பொருளாக எடுத்து வரலாகாது.

இவை எல்லாம் அரசாங்கத்தின் வேலை எனக் கூறித் தப்பிக்கொள்வோரும் உளர். சட்டங்கள் ஏற்கனவே இருக்கின்றன. 1981 இலேயே கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எனினும் ஒவ்வொரு பஸ் வண்டிக்கும் ஒவ்வோர் உத்தியோகத்தரை நியமிக்க எந்தத் திணைக்களத்தாலும் இயலாது. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சாட்சியே காவல் புரிய வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது சுற்றுலாவுக்கும் பொருந்தும். அன்பார்ந்த மாணவர்களே, உங்கள் வகுப்பு அடுத்த சுற்றுலாவைத் திட்டமிடும்போது, எத்தனை இடங்களுக்குப் போகலாம் எனக் கேட்பதற்கு முன், போகும் இடத்தை எவ்வாறு பழுதின்றி விட்டுவரலாம் எனக் கேளுங்கள். அக்கேள்வியை வகுப்பில் முதலில் எழுப்புபவர் நீங்களாகவே இருங்கள்.