குறைதீர்க்கும் நாளில் எங்களுக்கும் ஒரு மேசை வேண்டும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கட்டணம் வாங்காமல் பண ஆலோசனை சொல்லும் தன்னார்வலர்களின் கோரிக்கைச் சாசனம்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கடையநல்லூர் பக்கத்துக் காசிதர்மம் கிராமத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள் உட்பட நான்கு பேர், அந்த வளாகத்திலேயே தீக்கு இரையானார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான கடனுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் கந்துவட்டி நெருக்கடி ஓயவில்லை என்றும், பலமுறை மனு கொடுத்துப் பார்த்தார்கள் என்றும் அப்போதைய செய்திகள் சொல்லின. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. காசிதர்மம் இன்று நம் மாவட்டத்து ஊர்.

மனுவை வாங்கி முத்திரை குத்த அலுவலகத்தில் ஆள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கடன் கணக்கைப் பிரித்துப் பார்த்து, “நீங்கள் கட்டியதே அதிகம், 2003ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது, வாருங்கள், புகாரைச் சேர்ந்தே எழுதுவோம்” என்று சொல்வதற்கு அன்று ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கவில்லை. இன்றும் இல்லை. இந்தச் சாசனத்தை நாங்கள் எழுதக் காரணம் அதுதான்.

எங்களில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இருக்கிறோம். கணக்குத் தணிக்கையாளர்கள், வரி ஆலோசகர்கள், நிதித் திட்ட ஆலோசகர்கள் இருக்கிறோம். “காசு வாங்காமல் எதற்கு இதைச் செய்கிறீர்கள், உங்களுக்கு என்ன லாபம்?” என்று எங்களிடம் உதவி கேட்டு வருபவர்களே கேட்கிறார்கள். சந்தேகம் நியாயமானது. இலவசமாகப் பேச வந்தவர்கள் பலரும் கடைசியில் ஒரு பாலிசியையோ சீட்டையோ தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதனால் பதிலை வெளிப்படையாகவே சொல்கிறோம்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் சுமார் ஆயிரம் பேர்தான். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கவும் விதி இடம் கொடுக்கிறது. அந்தத் தொகையைக் கொடுக்கக்கூடியவர் தவறான முதலீடு செய்தால் அவருடைய சேமிப்பில் ஒரு பகுதி போகும். பீடி சுற்றும் பெண் தவறான ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டு அடுப்பே அணையும். எங்களுக்கு ஒரு மணி நேர வேலையாக இருப்பது அவருக்கு மூன்று வருட நிம்மதி. இது தெரிந்த பிறகும் கட்டணம் கொடுப்பவருக்கு மட்டுமே வாய் திறப்பது எங்கள் தொழிலுக்கு அழகில்லை என்று நினைக்கிறோம். விற்க வந்தவர் “வாங்காதே” என்று சொல்ல மாட்டார். கடன் கொடுக்க வந்தவர் “வேண்டாம்” என்று சொல்ல மாட்டார். அதைச் சொல்வதற்கு, அந்தக் குடும்பத்திடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவர் வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். குற்றாலத்தில் சீசன் கடை போடுபவர் சரக்கு எடுக்கத் தண்டலுக்குப் 10,000 ரூபாய் வாங்குகிறார். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பதினைந்து பெர்சென்ட்தான்” என்பார்கள். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே, அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். நோட்டின் பின்பக்கத்தில் இதைப் போட்டுக் காட்டும்போது பலரும் கோபப்படுவதில்லை. பேனாவை வாங்கித் தாங்களே இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிறார்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அன்று வியாபாரம் இல்லை, ஆனால் அந்த 100 ரூபாய்க்குத் தடை கிடையாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைப் பறித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் தடை போடுவது சரி. தடையின் செலவு முழுவதையும் பழக்கடைக்காரரும் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியும் மட்டும் சுமப்பது சரியில்லை.

ஆகவே கேட்கிறோம்.

முதல் கோரிக்கை மாவட்ட ஆட்சியருக்கு. தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும், மனு எழுதித் தருபவர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையும் நாலு நாற்காலியும் ஒதுக்குங்கள். கடன் சம்பந்தமான மனு எதுவாக இருந்தாலும் பதிவாகும் முன்போ பின்போ அந்த மேசைக்கு வரட்டும். வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, எந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி மனுவோடு இணைத்துத் தருவோம். அந்தக் குறிப்பின் மீது ஏழு நாளுக்குள் காவல்துறை என்ன செய்தது என்பதை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடனை வலுக்கட்டாயமாக வசூலிப்பதற்கு எதிராக 2025இல் சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. ஆலங்குளத்தில் தவணை கட்டும் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியவே தெரியாது என்றால் அது யாருக்காக?

இரண்டாவது, குற்றாலம் பேரூராட்சிக்கும் முன்னோடி வங்கிக்கும். ஆனி பிறக்கும் முன்பே சீசன் வியாபாரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து, சாலையோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் கிடைக்க வழி செய்யுங்கள். சீசன் முடிந்தபின் வரும் கடன் முகாமால் யாருக்கும் பயனில்லை. நிர்வாகம் குளிக்கத் தடை போடும் நாட்களுக்கு வங்கித் தவணையும் தள்ளிப்போக வேண்டும்.

மூன்றாவது, பீடித் தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி. கீழப்பாவூர், கடையம், கடையநல்லூர் பக்கம் சுளகை மடியில் வைத்து வாழ்நாள் முழுக்கப் பீடி சுற்றிய பெண்களின் சொந்தப் பணம் இது, சலுகை அல்ல. 1977 முதல் பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்துகிறது. ஆதாரில் பெயரோடு ‘அம்மாள்’ இருக்கும், பி.எஃப். கணக்கில் இருக்காது. ஒன்றில் பிறந்த தேதி முழுதாக இருக்கும், இன்னொன்றில் வருடம் மட்டும். இப்படி ஒரு வித்தியாசம் இருந்தாலே விண்ணப்பம் திரும்பி வருகிறது. மகளின் கல்யாணத்துக்கோ கணவரின் ஆபரேஷனுக்கோ அந்தப் பணத்தை நம்பியிருந்தவர் அதே வாரம் வட்டிக்கு வாங்குகிறார். இப்படித் தொடங்கிய கடன்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பெயர்த் திருத்தத்துக்கென்றே பீடிக் கடைகள் இருக்கும் ஊர்களில் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் மாதம் ஒரு முகாம் நடத்த வேண்டும். கம்பெனியின் கையெழுத்து வாங்கும் பொறுப்பு அந்தப் பெண்ணுடையதாக இருக்கக் கூடாது, அலுவலகமே வாங்கட்டும். படிவம் நிரப்பும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

நான்காவது, மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாது. படிவத்தில் வருமானம் என்று என்ன எழுதினார்கள் என்பது கையெழுத்துப் போட்டவருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தின் நகலைத் தமிழில் அவர் கையில் கொடுங்கள்.

நகைக் கடனுக்கும் ஒரு வார்த்தை. நகையைத் திருப்பி உடனே மறுபடி அடகு வைப்பதற்காக ஒருநாள் வட்டிக்குக் கைமாற்று வாங்கும் கொடுமைக்கு, வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் புதுப்பிக்கும் முறையை எளிதாக்கி முடிவு கட்டலாம்.

எங்களோடு சேர வருபவர்களுக்கும் நிபந்தனை உண்டு. இந்த மேசைக்கு வந்த குடும்பத்திடம் எதையும் விற்கக் கூடாது, பிறகு வீட்டுக்குப் போயும் விற்கக் கூடாது. கடன் கொடுக்கவோ வாங்கிக் கொடுக்கவோ கூடாது. ஏ.டி.எம். கார்டையோ ரகசிய எண்ணையோ தொடக் கூடாது. எந்த வங்கியின், காப்பீட்டு நிறுவனத்தின் பேனரும் மேசைக்குப் பின்னால் தொங்கக் கூடாது. மீறியவரின் பெயரை அதே மேசையில் எழுதி ஒட்டுவோம்.

அமெரிக்காவில் நிதி ஆலோசகர்களின் இத்தகைய இலவசச் சேவைக்கு உதவவே 1995 முதல் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. மும்பையில் 2010 முதல் மணிலைஃப் அறக்கட்டளை கட்டணமின்றி வழிகாட்டுகிறது. இங்கே தணிக்கையாளர், நிதி ஆலோசகர் அமைப்புகள் கேட்கும் கட்டாயத் தொடர்பயிற்சி நேரத்தில், ஏழைகளுக்கு ஆலோசனை சொன்ன நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இளையவர்கள் வர அது ஒரு வழி.

கடைசியாக அரசுக்கு. எங்களைக் காட்டி உங்கள் கடமையைக் கழித்துவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைக்கு வக்கீலை இலவசமாகக் கொடுத்தது. அதைப்போலக் கடன் ஆலோசகரும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். மூன்று ஒன்றியங்களுக்கு ஒரு நிதிசார் கல்வி மையம் என்ற ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லும் விஷயம் வேறு, ஒரு குடும்பத்தின் ரசீதுகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்ப்பது வேறு. மாவட்டத்தின் பத்து ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஒருவராவது சம்பளம் பெறும் கடன் ஆலோசகர் நியமிக்கப்பட வேண்டும். அதுவரை திங்கட்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். வரும் சீசன் தொடங்கும் முன் மேசை எங்கே என்று ஆட்சியர் அலுவலகம் எழுத்தில் தெரிவிக்கட்டும்.