எல்லைக்கு அப்பால் ஒரு பகற்பொழுது

காலையில் ஒரு நாட்டிற் புறப்பட்டு, நண்பகலில் வேற்று நாட்டில் உணவருந்தி, மாலையில் மீண்டு முன்னைய நாட்டிலேயே உறங்குவாருளர் என்றால் நம்மிற் பலர் வியப்பர். ஆல்ப்ஸ் மலையில் அஃது அன்றாட நிகழ்ச்சி. சுவிட்சர்லாந்து தேயத்துச் செர்மாட் என்னும் ஊரிலிருந்து கம்பிவட வண்டியேறி, 3,883 மீட்டர் உயரத்துள்ள நிலையத்தை அடைந்து, சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு சரிவிலே வழுகிச் சென்றால், இத்தாலி தேயத்துச் செர்வீனியாவை அடையலாம். இடையே மதிலுமில்லை, வேலியுமில்லை. இரு நாட்டுச் சரிவுகட்கும் செல்லும் சீட்டு ஒன்று வாங்கினாற் போதும். மாலையிற் கடைசி வண்டியைத் தவறவிட்டாலோ, காற்று மிகுந்து வண்டிகள் நின்றாலோ, மலையைச் சுற்றிச் சாலைவழியே மீளப் பல மணிநேரம் ஆகும். அஃதொன்றே அச்சம்.

இச்செலவைப்பற்றிப் படித்ததை நண்பரொருவரிடம் கூறினேன். "செல்வர்தம் பொழுதுபோக்கில் நாம் சிந்திக்க யாதுளது?" என்று அவர் நகைத்தார். யான் பனிமலையைக் கண்ணாற் கண்டவனல்லன். காணும் வாய்ப்பும் அண்மையிலில்லை. ஆயினும் அவர் கூற்றை ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. அந்த ஒரு பகற்பொழுது இரண்டைப் பற்றி நிற்கின்றது. ஒன்று, இரு நாடுகளிடையே உள்ள இணக்கம். மற்றொன்று, மலைமேலுள்ள பனி. இவ்விரண்டும் என்றும் தாமே நிலைபெறும் என்று கருதுவது பெரும்பிழை என்பதே என் கருத்து.

முதலாவதை நோக்குவோம். இவ்வழி மிகப் பழையது; உரோமர் காலத்து நாணயங்கள் இங்குள்ள தேயோடுல் கணவாயருகே கிடைத்துள்ளன. ஆயினும் எல்லை எக்காலத்தும் இன்றுபோல் திறந்திருந்ததில்லை. 1943 ஆம் ஆண்டு செப்டம்பரில் செர்மானியப் படை இத்தாலியைக் கைப்பற்றியபோது, லூயிஜி ஐனௌதி என்னும் பொருளாதாரப் பேராசிரியர், தம் அறுபத்தொன்பதாம் வயதில், இம்மலைத்தொடரின் மேற்கேயுள்ள மற்றொரு கணவாயைக் கடந்து சுவிட்சர்லாந்து புகுந்து உயிர் தப்பினார். அவரே 1948 இல் இத்தாலிக் குடியரசின் தலைவரானார். அப்போரின் காலத்தில் சுவிஸ் எல்லைவரை வந்து, உட்புகவொட்டாது திருப்பப்பட்ட ஏதிலியர் ஆயிரக்கணக்கினர். 2008 இல் சுவிட்சர்லாந்து ஷெங்கன் உடன்படிக்கையில் இணைந்த பின்னரே, எல்லையிற் கடவுச்சீட்டு கேட்கும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. இன்று விளையாட்டாகக் கடக்கும் மலைமுகட்டை அன்று உயிரைப் பணயம் வைத்துக் கடந்தனர் என்பதைச் சறுக்குவோர் அறிந்திருத்தல் நன்று.

இனிப் பனியைக் கருதுவோம். இம்மலைமேல் இரு நாட்டெல்லை, பனி உருகும் நீர் எப்பக்கம் வழிந்தோடும் என்பதைக் கொண்டு வகுக்கப்பட்டது. பனியாறு தேயத் தேய, நீர் பிரியும் முகடும் இடம்பெயர்கின்றது. 1984 இல் இத்தாலிய மண்ணிற் கட்டப்பெற்ற மலைவிடுதியொன்றின் மூன்றில் இருபங்கு, விடுதி அசையாதிருக்கவும், கணக்கின்படி சுவிட்சர்லாந்திற் போய் விழுந்தது! இரு நாட்டாரும் பகைத்துக்கொள்ளாது அமர்ந்து பேசி, 2021 நவம்பரில் உடன்பாடு கண்டனர்; 2023 செப்டம்பரில் சுவிஸ் அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. கோடு மாறியும் குருதி சிந்தவில்லை, இது போற்றத்தக்கது. ஆனால் கோட்டை மாற்றி வரையலாம். உருகிய பனியை மீட்பது எங்ஙனம்? 2022, 2023 ஆகிய ஈராண்டில் மாத்திரம் சுவிஸ் பனியாறுகள் தம் பருமனிற் பத்திலொரு பங்கை இழந்தன.

இந்நிலையில், செர்மாட்டிற் புறப்பட்டுச் செர்வீனியாவில் முடியும் உலகக் கோப்பைப் பந்தயம் அதே ஈராண்டிலும் ஏற்பாடு செய்யப்பட்டது. எல்லை கடந்து நடக்கும் முதற் பந்தயம் என்று பெருமையும் பேசினர். பாதை சமைத்தற்பொருட்டு மண்தோண்டும் பொறிகள் பனியாற்றின்மேல் ஏறி உறைபனியை வெட்டின. அப்படங்கள் 2023 அக்டோபரில் வெளிவந்தபோது பலர் வெகுண்டனர். அனுமதித்த இடத்திற்குப் புறம்பே நடந்த வேலையை மாநில அதிகாரிகள் நிறுத்தினர். முடிவில், ஓராண்டு பனி போதாமையாலும், மற்றோராண்டு பனிப்பொழிவும் காற்றும் மிக்கமையாலும், ஒரு பந்தயமேனும் நடந்திலது.

சறுக்கு விளையாட்டையே ஒழித்துவிடுக என்று யான் கூறவில்லை. அம்மலையூரார்க்கு அதுவே பிழைப்பு. விடுதியில் அடுப்பெரிவதும், வழிகாட்டியின் மக்கள் பள்ளி செல்வதும் அதனாலேயே. நகரத்திருந்து அவர்களை நிந்தித்தல் எளிது, முறையன்று. ஆயினும், உள்ள பனியிற் சறுக்குவது வேறு. ஓரிரு நாட் பந்தயத்திற்காகப் பன்னூறாண்டு உறைந்த பனியை வெட்டுவது வேறு. முன்னது மலையோடு வாழ்தல். பின்னது வித்து நெல்லைக் குற்றி விருந்திடுதல். 2022 கோடையில் வெப்பம் மிகுந்தபோது செர்மாட்டார் தாமே சறுக்கை நிறுத்தி வைத்தனர். அந்த அறிவே எக்காலத்தும் வழிகாட்டியாக வேண்டும்.

ஆதலின் என் நண்பர்க்கு யான் கூறும் விடை இதுவே: வேற்று நாட்டிற்குச் சென்று ஒரு பகல் களித்து மீள்வது அற்பச் செய்தியன்று. அதற்குப் பகை மறந்த இரு நாடுகள் வேண்டும்; உருகாத ஒரு மலை வேண்டும். முன்னதை மாந்தர் அரிதின் முயன்று பெற்றனர். பின்னதை, பெற்றதறியாமலே இழந்துகொண்டிருக்கின்றனர்.