சின்ன வண்டி போதும்!

பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. காலேஜில் சேர்ந்தாகிவிட்டது. இனி வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

"அம்மா! எல்லாப் பசங்களும் வண்டி வெச்சிருக்காங்கம்மா. நான் மட்டும்தான் பஸ்ஸிலே தொங்கிட்டுப் போறேன். அப்பாகிட்டே நீதாம்மா சொல்லணும்!"

அப்பாவிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மனு முதலில் சமையலறைக்குத்தான் வரும். அங்கே சிபாரிசு கிடைத்த பிறகுதான் கூடத்துக்குப் போகும்! ஆகவே மோட்டார் சைக்கிள் விஷயத்தை உங்களிடமே பேசிவிடுகிறேன். "இஞ்சினும் கியரும் ஆண்பிள்ளைகள் சமாசாரம், எனக்கென்ன தெரியும்?" என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். உங்களில் எத்தனையோ பேர் தினமும் ஸ்கூட்டரில் ஆபீஸ் போய் வருகிறவர்கள்தாமே?

முதலில் கசப்பான கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022-ம் ஆண்டில் நம் தேசத்தில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் மட்டும் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் சுமார் 50,000 பேர். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு இது. உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வண்டி வாங்கித் தரவே கூடாது என்று சொல்லவும் இல்லை. இன்றைக்கு நீங்கள் மறுத்தால், பிள்ளையாண்டான் நாளைக்குச் சிநேகிதன் வண்டியை வாங்கி, சிநேகிதன் தலைக்கவசம்கூட இல்லாமல் ஓட்டுவான். அதைவிட நம் கண் முன்னால், நம் வண்டியில், முறையாகப் பழகுவதே மேல். எந்த வண்டி, எப்படிப் பழகுவது என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? பதினெட்டு வயதுக்கு முன்னால் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. பதினாறு வயதில் ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம், ஆனால் இஞ்சின் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது கடைகளில் பார்க்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்களும் மொபெட்டும் பெரும்பாலும் 100 சி.சி.யும் அதற்கு மேலும். "ஸ்கூட்டிதானே, தெருக்கோடி வரைக்கும்தானே!" என்று ஒன்பதாவது படிக்கும் பையனிடம் சாவியைக் கொடுத்து மளிகைக் கடைக்கு அனுப்புகிறோமே, அது குற்றம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் தண்டனை பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோதான். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தாலொழிய, மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது! கால் கிலோ துவரம் பருப்புக்கு இத்தனை விலையா?

சரி, பதினெட்டு நிறைந்துவிட்டது, எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. அடுத்தது, எந்த வண்டி? பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் 200 சி.சி.யும் அதற்கு மேலும்தான். 100 சி.சி. என்றால் முகம் சுருங்கிவிடும். "அது பால்காரர் வண்டிம்மா!" என்பான்.

அவனிடம் ஒன்று சொல்லுங்கள். உலகத்திலேயே மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட மோட்டார் வண்டி எது தெரியுமா? ஆடம்பரக் கார் எதுவும் அல்ல. 1958-ல் ஜப்பானில் 50 சி.சி. இஞ்சினுடன் வந்த ஹோண்டா சூப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிள்தான். 2017-ல் அதன் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் அதே குலத்து இஞ்சின்தான். சின்ன வண்டி ஒன்றும் அவமானம் அல்ல.

அதன் அருமை பழகும்போதுதான் தெரியும். 100 சி.சி. வண்டியின் எடை சுமார் 110 கிலோ. 350 சி.சி. புல்லட்டோ 190 கிலோவுக்கு மேல். புதிதாக ஓட்டுகிறவன் தடுமாறுவது வேகமாகப் போகும்போது அல்ல; சிக்னலில் நிற்கும்போது, சந்தில் திருப்பும்போது. அப்போது சாயும் வண்டியை ஒரு காலை ஊன்றித் தாங்கிக்கொள்ள வேண்டும். 110 கிலோவைத் தாங்கலாம். 190 கிலோ ஆளையும் சேர்த்துச் சாய்த்துவிடும். மேலும், பழகாத கை ஆக்ஸிலேட்டரைச் சற்று அதிகமாகத் திருகிவிடுவது சகஜம். சின்ன வண்டி அதற்கு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போகும். பெரிய வண்டி எதிர்ச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தும்! அரிச்சுவடியைப் பலகையில் எழுதிப் பழகுகிறோம், தப்பானால் அழித்துவிடலாம். சின்ன வண்டி அந்தப் பலகை மாதிரி.

லைசென்ஸ் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? வேகமாக ஓட்ட யாராலும் முடியும். காலைத் தரையில் ஊன்றாமல் மெதுவாக, இரண்டு பக்கமும் திரும்பி ஓட்டுவதுதான் வித்தை. கிளட்சைப் பாதி விட்டு, பார்வையைப் போக வேண்டிய பக்கம் வைத்து, வண்டியை நிதானமாக நகர்த்தத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலியான மைதானம் ஒன்றில் இதையே ஒரு மாதம் செய்யட்டும். எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் ஆனதும் லைசென்ஸுக்கு மனுப் போடலாம் என்கிறது சட்டம். அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவசரப்படாமல் ஆறு மாதத்தையும் பழகுவதற்கே வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பிரேக் விஷயத்தில் நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்!" என்று சித்தப்பாவோ மாமாவோ சொல்லி வைப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் பெரும்பாலும் முன்பக்கம் போகிறது. ஆகவே முன் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு அதிகம். வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. காலை மட்டும் அழுத்தினால் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அழுத்திக்கொண்டு போக வேண்டும். மணல் கிடக்கும் திருப்பத்திலும், மழையில் நனைந்த சாக்கடை மூடி மேலும் பிரேக் பிடிக்கக் கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். கிட்டத்தட்ட ஒரு டவுன் பஸ்ஸின் நீளம்! "ஐயோ, நாய்!" என்று மனசு சொல்லிக் கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது. 60 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை பஸ். அதன் பிறகு நிற்பதற்கு ஆகும் தூரமோ இரண்டு மடங்குக்கும் மேல்.

வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தலைக்கவசத்துக்கு எடுத்து வையுங்கள். நடைபாதையில் குவித்து வைத்து விற்கிறார்களே, போலீஸ்காரருக்குக் காட்டுவதற்கென்றே செய்தவை, அவை வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் வைத்து ஆட்டினால் கன்னமும் சேர்ந்து அசைய வேண்டும். வாரைப் பூட்டாத தலைக்கவசம், விழும்போது நமக்கு முன்னால் அது விழுந்துவிடும்! பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008-ல் வெளியான அறிக்கை ஒன்று, மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு மரண அபாயத்தைத் தலைக்கவசம் சுமார் 42 சதவிகிதம் குறைக்கிறது என்றது. பின்னால் உட்காருகிற உங்களுக்கும் இதே சட்டம்தான். கொண்டை கலைந்துவிடுமே என்கிறீர்களா? கலையட்டும். கோயில் வாசலில் முடிந்துகொள்ளலாம்.

பின்னால் உட்காருவது என்றதும் ஞாபகம் வருகிறது. பின் சக்கரத்தில் பாதியாவது மூடும்படி ஒரு காப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ம் வருஷத்து விதி. சேலை, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமலிருக்கத்தான் அது. அழகைக் கெடுக்கிறது என்று சில பிள்ளைகள் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனிமேல் சொல்லப் போவது பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"பார்த்து ஓட்டுடா கண்ணா" என்று வாசலில் நின்று சொல்கிறோம். பத்து நிமிஷத்தில் செல்போனில் கூப்பிடுகிறோம். "எங்கேடா இருக்கே? இன்னுமா வரலை?" ஓட்டிக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வான்? ஒரு கையால் போனை எடுப்பான். அல்லது வேகத்தைக் கூட்டுவான். "தங்கச்சிக்கு ஸ்கூல் நேரமாச்சு, ஒரே மிதி மிதிச்சு விட்டுட்டு வந்துடு" என்கிறோம். "அத்தையை ஸ்டேஷன்லே ஏத்திடு, இன்னும் கால் மணிதான் இருக்கு" என்கிறோம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவன் மோட்டார் சைக்கிளில், சொல்லிக்கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்த அத்தை, மடியில் பை, பையில் ஊறுகாய் ஜாடி! பழகாத பிள்ளை எப்படி வண்டியைச் சமாளிப்பான்? அவன் கையிலிருக்கும் அவசரத்தில் பாதி நம் வீட்டிலிருந்து போனதுதான்.

ஆகவே சிபாரிசு செய்வதற்கு முன்னால் நீங்களும் சில நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் அவனை அவசர வேலைக்கு அனுப்புவதில்லை. பின்னால் யாரும் ஏறுவதில்லை. வண்டியில் போயிருக்கும்போது கூப்பிடுவதில்லை. போய்ச் சேர்ந்ததும் அவனே கூப்பிடட்டும். ராத்திரியிலும் மழையிலும் பஸ்ஸே போதும். இவற்றுக்கு நீங்கள் கட்டுப்பட்டால், தலைக்கவசத்துக்கும் வேகத்துக்கும் அவனைக் கட்டுப்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு.

பெண் குழந்தைக்கும் பதினெட்டு ஆகிவிட்டதா? அவளுக்கும் இதே பாடம், இதே மைதானம், இதே நிபந்தனைகள். அண்ணன் கொண்டுபோய் விடுவான் என்று அவளை எத்தனை நாள் காக்க வைப்பீர்கள்?

ஒரு வருஷம் இப்படி ஓட்டிப் பழகட்டும். அதன் பிறகு பெரிய வண்டி வேண்டும் என்று கேட்டால், அப்போது யோசிக்கலாம். அதற்குள் அவனுக்கே சின்ன வண்டியின் மேல் பிரியம் வந்துவிட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் அது போகிற தூரம் அவன் சட்டைப் பைக்கும் தெரியுமல்லவா!

நாளைக்கு அவன் வர நேரமானால், போனை எடுக்காதீர்கள். ரசம் ஆறிப் போகட்டும். பிள்ளை வந்த பிறகு சுட வைத்துக்கொள்ளலாம்.