கம்ப்யூட்டருக்குப் பிள்ளையின் முகம் தெரிய வேண்டுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமங்கலத்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் லேப்டாப்பில் பின்னக் கணக்கு போட்டுக் கொண்டிருந்தாள். மாதச் சந்தா கட்டி வாங்கிய கல்வி சாஃப்ட்வேர். பெயர் வேண்டாம். நான்கு கேள்விகளுக்கு டக் டக்கென்று சரியான விடை. ஐந்தாவதும் சரியாக வந்தால் ஒரு தங்க நட்சத்திரம் கிடைக்கும். ஐந்தாவது தப்பாகி விட்டது. உடனே ஸ்கிரீனில் ஒரு குட்டி யானை குதித்து வந்து, தும்பிக்கையை ஆட்டி, "இன்னொரு முறை முயற்சி செய்!" என்று ஆங்கிலத்தில் சிரித்தது. மறுபடி தப்பு. மறுபடி யானை. மூன்றாவது தடவை யானை வந்தபோது லேப்டாப்பைப் பட்டென்று மூடி விட்டு எழுந்து போய் விட்டாள்.

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். "அந்த யானை என்னையக் கேலி பண்ணுது மாமா" என்றாள்.

அடுப்படியில் இருந்து அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டா தம்பி, நீயும் கம்ப்யூட்டர்ல தானே வேலை பாக்குற. பிள்ளை அழுகுறது கூட அதுக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்வியை அக்கா மட்டும் கேட்கவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்ட் 1997-லேயே 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற புத்தகத்தை எழுதி விட்டார். மனிதரின் உணர்ச்சியைக் கண்டுகொண்டு, அதற்கேற்ப நடந்து கொள்ளும் கம்ப்யூட்டர் என்பது தான் அதன் விஷயம். அதற்குப் பின் எத்தனையோ ஆராய்ச்சி மாணவர்கள் இதைப் பாடம் சொல்லித் தரும் சாஃப்ட்வேர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் ஒருவர் செய்திருக்கிறார். அவர் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத் தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ராம்குமார் ராஜேந்திரன். மும்பையில் உள்ள ஐ.ஐ.டி. பாம்பேயில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக் கொண்டது 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கணக்கு சாஃப்ட்வேர். அகமதாபாத்தைச் சேர்ந்த எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனம் தயாரித்தது. பள்ளிகளில் பெரிய அளவில் பயன்படுவது. இதில் கணக்கு போடும் பிள்ளைக்கு எப்போது வெறுத்துப் போகிறது என்று சாஃப்ட்வேருக்கே தெரிய வேண்டும். இது தான் கேள்வி. பேராசிரியர்கள் ஸ்ரீதர் ஐயர், சஹானா மூர்த்தி ஆகியோருடனும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருடனும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2013-ல் ஐ.இ.இ.இ.-யின் ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வெளிவந்தது.

வெப்கேமை வைத்து முகத்தைப் படம் பிடித்திருப்பார் என்று தானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித் தான் நினைத்தேன். இல்லை. வகுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உட்காரும் இடத்தில் கேமராவும் சென்சாரும் ஒத்து வராது என்று ஒதுக்கி விட்டு, அவர் கையில் எடுத்தது லாக் பைல். எந்தக் கேள்வி, என்ன விடை, எத்தனை நொடி. எந்த சாஃப்ட்வேரும் சத்தமில்லாமல் எழுதி வைத்துக் கொள்கிற குறிப்பு தான் அது.

வெறும் எண்ணில் இருந்து மனதை எப்படிப் பிடிப்பது? இங்கே தான் விஷயம் இருக்கிறது. முதலில் 'ஃபிரஸ்ட்ரேஷன்' என்றால் என்ன என்று உளவியல் சொல்லும் இலக்கணத்தை எடுத்துக் கொண்டார். ஒருவர் ஒரு இலக்கை நோக்கிப் போகும்போது அதற்குத் தடை வந்தால் ஏற்படுவது. நம் ஊரில் சொன்னால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது. சரி, மைண்ட்ஸ்பார்க்கில் உட்காரும் பிள்ளையின் இலக்குகள் என்ன? இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று சரியானால் 'ஸ்பார்க்கி' என்ற பரிசுப் புள்ளி உண்டு, அதை வாங்க வேண்டும். தொடர்ந்து ஐந்து சரியானால் 'சேலஞ்ச்' கேள்வி வரும், அதை எட்ட வேண்டும். எட்டினால் அதிலும் ஜெயிக்க வேண்டும். இப்போது ஒரு தப்பு விடை வந்தால், அது இந்த இலக்குகளில் எதை உடைத்தது என்று பார்க்கிறது புரோகிராம். முதல் கேள்வியிலேயே வரும் தப்பும், நான்கு சரியாகப் போட்ட பின் ஐந்தாவதில் வரும் தப்பும் மதிப்பெண் பட்டியலில் ஒன்று தான். பிள்ளையின் மனதில் ஒன்றல்ல. இதோடு விடை சொல்ல எடுத்துக் கொண்ட நேரத்தையும், முந்தைய கேள்வியில் மிச்சமிருக்கும் எரிச்சலையும் சேர்த்து ஒரு சாதாரண சமன்பாட்டில் போடுகிறார். லீனியர் ரெக்ரஷன். இன்ஜினீயரிங்கில் கணக்குப் பேப்பரில் எல்லோரும் படித்தது தான். பிறகு, வகுப்பில் ஆட்கள் நேரில் பார்த்துத் தனியாகக் குறித்த குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். மற்ற முறைகளுக்கு ஈடாகவே இருந்தது.

நான்கு சரி, ஐந்தாவது தப்பு. அக்கா மகளுக்கு நடந்தது அப்படியே இது தான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே இந்த புரோகிராம் அவளைக் கண்டுபிடித்திருக்கும். அழுகிறாள் என்பதோடு நிற்காமல், ஏன் அழுகிறாள் என்றும் சொல்லியிருக்கும். கேமராவால் இந்த 'ஏன்' முடியவே முடியாது. முகம் சுளித்தது நட்சத்திரம் போனதாலா, கொசு கடித்ததாலா என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் டெமோவில் கைதட்டல் வாங்குவது கேமரா தான். என் துறையில் இருந்து கொண்டே இதைச் சொல்கிறேன். முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம், பக்கத்தில் 'மகிழ்ச்சி 82 சதவீதம்' என்று ஓடினால் வாங்க வந்தவர் அசந்து போவார். லாக் பைலைக் காட்டினால் கொட்டாவி விடுவார்.

கேமரா வழியில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சீனாவில் ஹாங்சூ நகரப் பள்ளி ஒன்றே போதும். 2018-ல் வகுப்பறையில் கேமரா வைத்து, முப்பது நொடிக்கு ஒரு முறை மாணவர்களின் முகத்தை ஸ்கேன் செய்து, சந்தோஷம், சோகம், கோபம், பயம் என்று பிரித்தார்கள். உலகமே பேசியது. தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கவனிப்பது போல் முகத்தை வைத்துக் கொள்ளக் கற்றுக் கொள்வார்கள். கணக்கு வராது, நடிப்பு வரும்.

அந்த முகக் கணிப்பு தான் சரியாக இருக்கிறதா? லிசா ஃபெல்ட்மேன் பேரட்டும் இன்னும் நான்கு விஞ்ஞானிகளும் ஏராளமான ஆய்வுகளை அலசி 2019-ல் எழுதியது இது: முகத்தை மட்டும் வைத்து உள்ளுக்குள் இருக்கும் உணர்ச்சியை நம்பிச் சொல்லி விட முடியாது. மைக்ரோசாஃப்ட் 2022-ல் தன் முகம் அறியும் சேவையில் இருந்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை எடுத்து விடுவதாக அறிவித்தது. ஐரோப்பிய யூனியனின் ஏ.ஐ. சட்டம், முகம், குரல் போன்றவற்றை வைத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உணர்ச்சியைக் கணிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்து விட்டது. மருத்துவம், பாதுகாப்பு காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நம் நாட்டில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்வி நிறுவனங்கள் பாடத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் செய்வதற்கு விலக்கு கொடுக்கின்றன. அந்தக் கதவு வழியே எது எது நுழையும் என்று பெற்றோர் கவனிக்க வேண்டும். லாக் பைலும் கண்காணிப்பு தானே என்று நீங்கள் கேட்டால், ஆம், அதுவும் தான். ஆனால் பிள்ளை போட்ட கணக்கைப் பார்ப்பதும், பிள்ளையின் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பதும் ஒன்றல்ல.

லாக் பைல் முறை நம் ஊருக்கு வந்தால் அதிலும் சில சிக்கல்கள் இருக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் அண்ணன் பாதி, தங்கை பாதி. எட்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே லாகினில். இந்த லாக் பைலைப் பார்த்து எந்தப் பிள்ளையின் மனதைச் சொல்வது? விடை சொல்ல எடுத்த நேரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நெட் சுற்றிச் சுற்றி நின்றது அரை நிமிடம். 'ஏய், கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா' என்று அம்மா அனுப்பியது பத்து நிமிடம். புரோகிராமைப் பொறுத்த வரை பிள்ளை யோசித்துக் கொண்டே இருந்திருக்கிறது! இங்கே கொண்டு வருபவர்கள் மும்பை எண்களை அப்படியே தூக்கி வைக்காமல் இங்குள்ள வீடுகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பது இன்னொரு பெரிய விஷயம். ராம்குமார் அதையும் செய்திருக்கிறார். பிள்ளை வெறுத்துப் போயிருக்கிறது என்று தெரிந்ததும், ஏன் என்பதைப் பார்த்து அதற்கேற்ற செய்தியை ஸ்கிரீனில் காட்டுவது. 'நீ புத்திசாலி' என்று புகழ்வதில்லை. எடுத்த முயற்சியைப் புகழ்வது, கேள்வி கடினமானது தான் என்று ஒப்புக் கொள்வது, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வது, 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று பிள்ளையையே கேட்பது. இப்படிச் செய்ததில் வெறுப்பு குறைந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். நம் யானை என்ன செய்தது? தோற்ற பிள்ளையின் முன்னால் சிரித்தது.

இதில் எல்லை ஒன்றும் உண்டு. சிட்னி டி'மெல்லோவும் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் கிரேசரும் மற்ற இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின் தலைப்பே, குழப்பம் படிப்புக்கு நல்லதாகலாம் என்பது தான். குழம்பி, தெளிந்து படித்தது ஆழமாக நிற்கும். பிள்ளை நெற்றியைச் சுருக்கியதும் ஓடிப் போய் விடையைச் சொல்லி விடும் சாஃப்ட்வேர் வேண்டாம். குழப்பம் வெறுப்பாக மாறும் இடத்தில் மட்டும் வந்தால் போதும்.

எங்கள் தெருவில் டியூஷன் எடுத்த சாருக்கு இந்த இடம் எப்படியோ தெரியும். திண்ணையில் இருபது பேர் இருப்போம். ஒருவன் நோட்டில் பேனாவால் அழுத்திக் கிறுக்க ஆரம்பித்தால், திரும்பிக் கூடப் பார்க்காமல், "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாடா, இந்தக் கணக்கு எனக்கே மூணு நாள் வரல" என்பார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா சத்தத்தைக் கேட்டார்.

வீட்டில் இப்போதே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் சென்று, ஆப்ஸ் என்பதில் பிள்ளையின் கல்வி ஆப்பைத் தேர்ந்தெடுத்து, பெர்மிஷன்ஸ் பிரிவில் கேமராவும் மைக்கும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு போட கேமரா எதற்கு? தேவையில்லை என்றால் அனுமதியை நீக்கி விடவும். பிரவுசரில் என்றால் முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் உள்ள ஐகானில் கிளிக் செய்து நிறுத்திடலாம்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? அடுத்த வார இறுதியில் ஜாவா ஸ்கிரிப்டில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பின்னக் கணக்கு மட்டும். தொடர்ந்து மூன்றோ நான்கோ சரியாகி அடுத்தது தப்பானால், யானை கிடையாது, நட்சத்திரம் கிடையாது. "இது கஷ்டமான கணக்கு தான். நாலு சரியாப் போட்டிருக்க. தண்ணி குடிச்சிட்டு வா" என்று தமிழில் ஒரு வரி வரும். முதல் நாள் சிரித்து விட்டு நிஜமாகவே போய்த் தண்ணீர் குடித்து விட்டு வந்து போட்டாள். இரண்டாவது நாளும் சரி. மூன்றாவது நாள் போன் வந்தது.

"மாமா, அது தினமும் அதையே சொல்லுது. வேற ஏதாச்சும் சொல்லச் சொல்லுங்க."

இப்போது அவளையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். ஏழு வரி வந்திருக்கிறது. அதில் ஒன்று: "அம்மாவைக் கூப்பிடவா?"